வாய் படாத டீசல்

இந்தியாவில் பஞ்சாயத்துகள் டீசல் வாங்கிய வரலாற்றில் இரண்டே காலகட்டங்கள்தான் உண்டு என்றும், ஒன்று தனக்கு முன்னால், மற்றது தனக்குப் பின்னால் என்றும் தமிழ்க்குமரன் அறிவித்தபோது, புதுச்சேரிப் பக்கத்தில் பல ஊர்களுக்குப் பொதுவான கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தின் கூட்ட அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. “இனிமே நம்ம கொம்யூன்ல டீசல் மனுஷன் வாய் படாம வண்டிக்குள்ள போவும். அந்த ஆண்டவனே வந்து நின்னாலும் என் சிஸ்டம் ரூல மீறி ஒரு சொட்டு குடுக்காது” என்றான். ஆணையர் தலையை ஆட்டினார். ஆண்டவனுக்கு டீசல் எதற்கு என்று டிரைவர்கள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையில் யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

தமிழ்க்குமரன் அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒப்பந்த வேலை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, பிறப்புச் சான்றிதழ்களில் பிள்ளையின் பெயரையும் தகப்பன் பெயரையும் மாற்றிப் போடாமல் தட்டச்சு செய்வதுதான் அவனுக்குக் கொடுக்கப்பட்ட பணி. நாட்டின் பெரிய மாற்றங்களையெல்லாம் செய்தவர்கள் முதலில் இப்படி ஏதாவது ஒரு மூலையில் உட்கார வைக்கப்பட்டவர்கள்தான் என்பது அவனது துணிபு.

டீசல் பற்றிய கூட்டத்தில் வாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு அந்தக் கொம்யூன் அதுவரை டீசல் வாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். விதம் என்னவோ நல்ல விதம்தான். வண்டிக்கு டீசல் வேண்டுமென்றால் எழுத்தர் விஜயராணி ஒரு சீட்டு எழுதுவார். ஆணையர் அதில் கையெழுத்துப் போடுவார். டிரைவர் சீட்டைக் கொண்டுபோய் பங்க்கில் நீட்டி நிரப்பிக்கொண்டு வருவார். மாதம் முடிந்ததும் பில் வரும். இந்த ஏற்பாட்டில் சீட்டு இருந்தது, பங்க் இருந்தது, ஆணையர்தான் இருப்பதில்லை. அவருக்கு இன்னொரு கொம்யூனும் கூடுதல் பொறுப்பு. இங்கே தேடினால் அங்கே இருப்பார், அங்கே தேடினால் டவுனில் மீட்டிங்கில் இருப்பார். அவர் கையெழுத்து வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லிக் குப்பைக்குப் புரியவைக்க முடியாது. அதனால் டிரைவர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். குப்பை டிராக்டரில் டீசல் இருந்தால் தண்ணீர் லாரிக்குக் கொஞ்சம் போகும், தண்ணீர் லாரியில் இருந்தால் கழிவுநீர் வண்டிக்குப் போகும். இதற்குக் கைமாத்து என்று பெயர். தேவையான கருவிகள் ஒரு ரப்பர் டியூபும் ஒரு வாயும். ஒரு முனையை டேங்க்கில் விட்டு, மறுமுனையில் வாய் வைத்து இழுத்து, டீசல் உதட்டைத் தொடும் நேரத்தில் டியூபைக் கேனுக்குள் திருப்பிவிட வேண்டும். திருப்புவதற்குத் தாமதமானால் அன்று சாப்பாட்டில் உப்பு உறைப்பு எதுவும் தெரியாது.

இந்தக் காட்சியைத் தமிழ்க்குமரன் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். பார்த்ததோடு படமும் எடுத்தான். தண்ணீர் லாரி டிரைவர் செல்லக்கண்ணு கன்னம் ஒட்டிப்போக, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு டியூபை இழுக்கிற படம். கூட்டத்தில் அதைத்தான் திரை முழுக்கப் போட்டுக் காட்டினான். மேலே ‘அன்று’ என்று எழுதியிருந்தது. அடுத்த படத்தில் ‘இன்று’. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கையில் செல்போனை வைத்துக்கொண்டு, காரணம் எதுவும் தெரியாத ஒரு மகிழ்ச்சியில் இருந்தாள்.

“சைன்ஸ் இவ்ளோ வளந்த காலத்துல கன்னுக்குட்டி கணக்கா டீசல் குடிச்சிக்கினு இருக்கோம்” என்றான் தமிழ்க்குமரன். ஆணையர் சிரித்தார். ஆணையர் சிரித்ததால் மேலாளரும் சிரித்தார். செல்லக்கண்ணு தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த படத்தைக் காட்டி, “அந்தப் பொண்ணு எந்த வண்டி ஓட்டுது?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு படங்களும் மறுநாள் பேப்பரில் வந்தன. அன்றிலிருந்து செல்லக்கண்ணு அவனைத் தம்பி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு சார் என்று கூப்பிட ஆரம்பித்தார். தமிழ்க்குமரன் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டான்.

கையால் அமுக்கி எண்ணெய் எடுக்கிற பிளாஸ்டிக் பம்ப் ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதும் என்று டிரைவர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பதை விஜயராணி அவனிடம் எடுத்துச் சொன்னார். நோயே ஒழியப் போகும்போது மருந்து எதற்கு அக்கா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு சுற்றறிக்கை தயாரித்தான். டியூப் வைத்து வாயால் டீசல் எடுப்பவர்களுக்கு மெமோ கொடுக்கப்படும் என்று அதில் இருந்தது. டிரைவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். சீட்டுப் புத்தகங்களைக் கட்டி ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினான். இனி சீட்டு கொண்டுவந்தால் வாங்க வேண்டாம் என்று ஆணையர் கையெழுத்தோடு பங்க்குக்கும் கடிதம் போனது. அந்த ஒரு கையெழுத்து மட்டும் அன்றைக்கே கிடைத்தது.

அவன் செய்திருந்த சிஸ்டம் எளிமையானது. ஒவ்வொரு வண்டியிலும் அது இருக்கிற இடத்தைச் சொல்லும் ஒரு சின்னப் பெட்டி. வண்டி பங்க்கில் போய் நின்றால், அலுவலகத்துக் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டு பங்க்கில் இருக்கும் கருவியில் பச்சை விளக்கைப் போடும். பச்சை எரிந்தால் டீசல். ஆணையர் எந்தக் கொம்யூனில் இருந்தாலும் கவலை இல்லை. டிரைவர்கள் கொம்யூன் வண்டியை எடுத்துக்கொண்டு கடலூருக்குச் சொந்த லோடு அடிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்ததால், கூடவே ஒரு விதியையும் சேர்த்தான். வண்டி புதுச்சேரி மாநிலத்தை விட்டு வெளியே போனால் சிவப்பு. சிவப்பு விழுந்த வண்டியை டவுனில் இருக்கும் தலைமை அலுவலகம்தான் விடுவிக்க முடியும். தன்னாலேயே முடியாது என்பதை அவன் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான்.

தொடக்க விழா வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த ஞாயிறு அவன் அக்கா மஞ்சுளாவுக்கு வளைகாப்பு. வீடு நல்லவாடு போகிற ரோட்டில். அங்கே கிணற்றிலும் போர்க்குழாயிலும் வருவது பாதி கடல் தண்ணீர். தெருவுக்கு நல்ல தண்ணீர் ஏற்றும் மோட்டார் வேறு புதன்கிழமை புகைந்து உட்கார்ந்துவிட்டது. மஞ்சுளாவின் மாமியார் வீட்டார் வில்லியனூரிலிருந்து வேன் வைத்து வருகிறார்கள். ஏழு வகைச் சாதம், பந்தி, கை கழுவத் தண்ணீர். அவன் அப்பா ஒரு தனியார் தண்ணீர் லாரிக்குச் சொல்லி வைத்திருந்தார். தமிழ்க்குமரன் அந்த லாரிக்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கொம்யூன் லாரிக்கு முறைப்படி ரசீது போட்டிருப்பதாகவும், புதிய முறையில் டீசல் பிடித்து அந்த லாரி ஓடும் முதல் ஓட்டமே நம் வீட்டுக்குத்தான் என்றும் அம்மாவிடம் விளக்கினான். அம்மா ஆதிலட்சுமிக்கு முதல் பாதி புரிந்தது. அரசாங்க லாரி வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்பதைச் சம்பந்தி வீட்டுக்கும் போன் பண்ணிச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று வண்டிகளுக்கும் மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். டேங்க் காலியாக இருந்தால்தான் விழா எடுபடும் என்பதால் ஒரு வாரமாக எதிலும் நிரப்பவில்லை. தண்ணீர் லாரி முன்னால், குப்பை டிராக்டர் நடுவில், கழிவுநீர் வண்டி மரியாதையான தூரத்தில் கடைசியாக. பங்க்கில் போய் நின்றார்கள். பங்க் கேஷியர் ராஜேஷ் கருவியைத் திருப்பிக் காட்டினான். சிவப்பு. டிராக்டருக்குச் சிவப்பு. கழிவுநீர் வண்டிக்கும் சிவப்பு. அதே நேரத்தில் அடுத்த கொம்யூனில் இருந்த ஆணையருக்கு, தங்கள் வாகனங்கள் மூன்றும் அனுமதியின்றி மாநிலத்தை விட்டு வெளியேறிவிட்டன என்று தகவல் போயிருந்தது. அவர் பதறிப்போய்ப் போன் பண்ணி, டிரைவர்கள் குடும்பத்தோடு போய்விட்டார்களா என்று விசாரித்தார்.

“இன்னா சார், நாங்க எந்த ஊருக்கு ஓடிட்டோம்?” என்றார் செல்லக்கண்ணு.

எங்கேயும் ஓடவில்லை. அலுவலகத்திலிருந்து பங்க்குக்குப் போகிற ரோடு ஒரே நேர் ரோடுதான். ஆனால் நடுவில், ஒரு பீடி பற்ற வைத்து முடிப்பதற்குள் கடந்துவிடக்கூடிய தூரம், அது தமிழ்நாடு. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் போட்ட கோடு அப்படி வளைந்து போகிறது. அந்தப் பக்கத்தில் இது பெரிய விஷயமில்லை. வீடு புதுச்சேரியிலும் மாட்டுக் கொட்டகை தமிழ்நாட்டிலுமாக இருக்கிறவர்கள் உண்டு. மாடு இதுவரை அனுமதி கேட்டதில்லை. அந்தக் கோட்டை இத்தனை வருஷமாக மதித்து வந்தவை தேர்தல் கமிஷனும் சாராயக் கடையும் மட்டும்தான். இப்போது தமிழ்க்குமரனின் கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது. அவன் சிஸ்டத்தில் எல்லை மேப்பை ஏனோதானோவென்று போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். அரசாங்க வரைபடத்தைப் பார்த்து மயிரிழை பிசகாமல் போட்டிருந்தான்.

அந்தத் துண்டு தமிழ்நாட்டில்தான் மணவாளன் டீக்கடை இருக்கிறது. தினமும் சாயங்காலம் தமிழ்க்குமரன் அங்கேதான் டீ குடிப்பான். சிஸ்டத்தின் பெரும்பகுதியை அங்கே உட்கார்ந்துதான் யோசித்தான். யாரும் கேட்காமலே மணவாளனுக்கு அதை விளக்கியதும் அங்கேதான். தான் வெளிமாநிலத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை. அந்த ஊரில் யாருக்கும் தோன்றாது.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான். எல்லை தாண்டிய விவகாரம் என்றால் ஃபைலாக அனுப்ப வேண்டும் என்றும், நாளை இரண்டாவது சனிக்கிழமை என்றும், திங்கட்கிழமை வந்து பார்க்கலாம் என்றும் பதில் வந்தது. பழைய சீட்டுக்கே கொடுத்துவிடச் சொல்லி ராஜேஷிடம் கேட்டான். ராஜேஷ் கொம்யூனிலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக் காட்டினான். அதை எழுதியவன் தமிழ்க்குமரன். நன்றாகவே எழுதியிருந்தான், ரொக்கம் நீட்டினாலும் கொடுக்கக் கூடாது என்பதுவரை இடுக்கு என்று ஒன்றுகூட விடவில்லை. வண்டிகள் டேங்க்கின் அடிக்கசண்டை வைத்து ஒருவழியாக அலுவலகக் கொட்டகைக்குத் திரும்பின. மாலைகளை யாரும் கழற்றவில்லை.

சனிக்கிழமை முழுவதும் தமிழ்க்குமரன் அலைந்தான். தான் வேண்டாம் என்று சொன்ன தனியார் லாரிக்காரனைப் பிடித்தான். ஞாயிறு நல்ல முகூர்த்தம், லாரி ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டது. அபிஷேகப்பாக்கத்தில் ஒருவன் லாரி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் லாரி இருந்தது, சக்கரம் இல்லை. கேனை எடுத்துக்கொண்டு புதுச்சேரிப் பக்கம் ஒரு பங்க்கிலும் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பங்க்கிலும் கேட்டான். கேனில் தரமாட்டோம் என்று இரண்டு மாநிலங்களும் ஒரே குரலில் சொல்லின. இரவு வீட்டுக்குப் போனபோது சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அம்மா “லாரி வரும்ல தமிழு?” என்று மட்டும் கேட்டார். மஞ்சுளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு குடம் வாங்கிவந்து அவளுக்கு மட்டும் குடிக்க வைத்திருந்தார்கள். வரும் என்று சொல்லிவிட்டுப் படுத்தான்.

ஞாயிறு காலை செல்லக்கண்ணுவுக்குப் போன் போட்டு அலுவலகத்துக்கு வரச் சொன்னான். அவர் சர்ச்சில் பூசை முடிந்து அப்படியே வெள்ளைச் சட்டையோடு வந்தார். சாவி விஜயராணியிடம் இருந்ததால் அவரும் வந்தார். வரும்போதே, ஞாயித்துக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டால் கையில் அந்த வாசனைதான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கொம்யூனுக்குச் சொந்தமான டீசல் அப்போது ஒரே இடத்தில்தான் இருந்தது. பின்பக்க ஷெட்டில், ஜெனரேட்டருக்குள். கரண்ட் போனாலும் சிஸ்டம் ஒரு நொடிகூடப் படுக்கக் கூடாது என்று தமிழ்க்குமரன் மன்றாடி, கடைசிச் சீட்டில் அதை வாய்வரை நிரப்பி வைத்திருந்தான்.

“தம்பி, இத எடுத்துட்டா கரண்ட் போனா உன் சிஸ்டம் படுத்துடும்” என்றார் விஜயராணி.

“போவட்டும்கா” என்றான்.

செல்லக்கண்ணு லாரி சீட்டுக்கு அடியிலிருந்து டியூபை எடுத்துவந்தார். துணியால் துடைத்தார். ஒரு முனையை ஜெனரேட்டர் டேங்க்கில் விட்டார். கேனைக் கீழே தோதாக வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தமிழ்க்குமரனும் நின்றான். கொஞ்ச நேரம் மூன்று பேரும் டியூபைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இழுங்கண்ணே.”

“நான் இழுக்க மாட்டேன் சார்.”

மெமோ பற்றி யோசிக்க வேண்டாம், அதைத் தான் பார்த்துக்கொள்வதாக தமிழ்க்குமரன் சொன்னான். வேண்டுமானால் அந்தச் சுற்றறிக்கையை இப்போதே கிழித்துவிடுவதாகவும் சொன்னான்.

“மெமோ கெடக்குது சார். மெமோவுக்கா பயந்தேன்?” என்றார் செல்லக்கண்ணு. குரலில் கோபம் இல்லை. “பேப்பர்ல வந்த போட்டோவ எம்பொண்ணு சகாயராணி கிளாஸ்ல ஒருத்தி கொண்டாந்து எல்லாருக்கும் காட்டிருக்கா. இது வூட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லல. ராவுக்குச் சாப்புட உக்காந்தப்ப, இனிமே அதுல வாய் வெக்காத நைனான்னு கேட்டுது. சரின்னுட்டேன். அவ்ளோதான்.”

அந்தப் படத்தில் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரியாதே என்று தமிழ்க்குமரன் சொல்ல நினைத்தான். தெளிவாகத் தெரியும்படி எடுத்தது நினைவுக்கு வந்தது. விஜயராணி பக்கம் திரும்பினான்.

“என்ன இன்னாத்துக்குப் பாக்கற? நான் சீட்டு எழுதறவ” என்றார் அவர். “போட்டோவுல பாக்க ஈசியா இருந்துதுல்ல? நீயே இழு.”

டேங்க்குக்கு அடியில் திருகித் திறக்க ஏதாவது இருக்கிறதா என்று அவன் குனிந்து பார்த்தான். ஒரு போல்ட் இருந்தது. துருவேறி டேங்க்கோடு டேங்க்காகிவிட்டிருந்தது. அதைச் சும்மா ஒருமுறை தட்டிப் பார்த்தான். அந்த நேரத்தில் போன் அடித்தது. அம்மா. வேன் கிளம்பிவிட்டதாகவும், சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்றும் சொன்னார். லாரி எங்கே வருகிறது என்று கேட்டார். அம்மாவுக்குப் பின்னால் மஞ்சுளா, “அவன ஒண்ணும் கேக்காதம்மா, வுடு” என்று சொல்வது கேட்டது.

“கெளம்பிட்டுதும்மா” என்று சொல்லி போனை வைத்தான்.

செல்லக்கண்ணு இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். அந்த முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இந்நேரம் கூட்டமாக இருக்கும், சீக்கிரம் போனால் நல்லது என்று மட்டும் சொன்னார்.

தமிழ்க்குமரன் ஷெட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். ரோட்டில் ஆள் இல்லை. உள்ளே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினான். விஜயராணி இடுப்பிலிருந்து போனை எடுத்தார். அவன் விறைத்துப்போனான். அவர் நேரம் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டார்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தான். ஜெனரேட்டர் மேடைக்கு அருகே மண்டியிட்டான். டியூபின் முனையைக் கைக்குட்டையால் துடைத்தான், பிறகு இன்னொரு முறை துடைத்தான். கண்ணை மூடிக்கொண்டு வாய் வைத்து இழுத்தான். முதல் இழுப்பில் காற்று வந்தது. இரண்டாவதில் கன்னம் நன்றாக ஒட்டிப்போனது. வந்தது. வேண்டியதைவிடச் சீக்கிரமே வந்தது. டியூபைக் கேனுக்குள் திருப்பிவிட்டு, சுவர் ஓரமாகப் போய் ரொம்ப நேரம் துப்பினான். விஜயராணி தான் குடிக்க வைத்திருந்த பாட்டிலை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

கேன் நிறைந்ததும் செல்லக்கண்ணு அதைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் போனார். ஒரு கேன் டீசல் தண்ணீர் பிடிக்கிற இடம்வரைதான் காணும். தமிழ்க்குமரன் இன்னொரு கேனை இழுத்துக் கீழே வைத்தான். சத்தம் போடாமல் மறுபடி மண்டியிட்டு, டியூபை எடுத்து வாயில் வைத்தான்.